கோடையில் மடிக்கணினி: எந்தச் சூட்டுக்கு அஞ்ச வேண்டும்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் நாட்டின் பல பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே வெப்பநிலை 35 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடுகிறது. ராஜஸ்தானின் பலோதியில் 2016 மே 19 அன்று வெளிவெப்பம் 51 டிகிரியைத் தொட்டது. கோடை எவ்வளவு கடுமையானாலும் அலுவலகப் பணி, பிள்ளைகளின் பாடம், குடும்பத்தின் வரவு செலவு ஆகிய அனைத்தும் மடிக்கணினியில் நடந்தாக வேண்டியுள்ளது. உள்விசிறி இரையும்போதும் விசைப்பலகை சுடும்போதும் கருவி பழுதாகிவிடுமோ என்ற கவலை எழுவது இயல்பே. அக்கவலைக்கு விடை காணச் செயலியின் சூட்டையும் மின்கலத்தின் சூட்டையும் பிரித்தறிய வேண்டும்.

செயலியின் காப்பு

கணினியின் மூளையாகிய மையச்செயலி, விரல்நகம் அளவிலான சிலிக்கான் சில்லு. மெல்லிய மடிக்கணினிகளில் அது ஏறத்தாழ 15 முதல் 28 வாட் வரையும், விளையாட்டுக்கென வடிவமைக்கப்பட்டவற்றில் 45 வாட்டும் அதற்கு மேலும் மின்சாரத்தைச் செலவிடுகிறது. அம்மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஆகவே, எளிய பணிகளின்போது செயலி 40 முதல் 60 டிகிரி வரையிலும், காணொளித் தொகுப்பு போன்ற கடும் பணிகளின்போது 75 முதல் 95 டிகிரி வரையிலும் இருப்பது இயல்பானது.

இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கும் உச்சவரம்பு 95 முதல் 105 டிகிரி வரை நிர்ணயிக்கப்பட்டுள்ளது. வரம்பை நெருங்கும்போது செயலி தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பின்னும் சூடு தணியாவிட்டால் கணினி அணைந்துவிடும். இவ்விரண்டும் கருவியைக் காக்கும் ஏற்பாடுகளே.

அறையின் பங்கு

விசிறியால் உள்வெப்பத்தை வெளியேற்ற முடியுமே தவிர, அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியான நிலையைத் தர இயலாது. அறை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்ந்தால், அதே பணிக்குச் செயலியின் சூடும் ஏறத்தாழ அந்த அளவுக்கு உயரும். அல்லது வேகம் குறையும். ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளை 10 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தவே பரிந்துரைக்கிறது. நம் கோடை அந்த எல்லையை எளிதில் கடந்துவிடுகிறது.

மின்கலத்தின் இழப்பு

லித்தியம் அயனி மின்கலத்தின் இயல்பு வேறு. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் அதனை மின்னேற்றம் செய்வது தகாது. வெப்பம் மிகுந்தால் உள்ளே நிகழும் வேதிவினைகள் விரைவுபட்டு, அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. முழு மின்னேற்றத்துடன் நெடுநேரம் சூட்டில் இருப்பதே அதற்கு மிகுந்த கேடு. செயலியின் வேகம் அறை குளிர்ந்ததும் மீண்டுவிடும். மின்கலம் இழந்ததோ மீளாது.

எனவே, எப்போதும் மின்இணைப்பிலேயே இயங்கும் கணினியில், மின்னேற்றத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்துவது நன்று. வெயிலில் நிறுத்திய காரில் மடிக்கணினியை விட்டுச் செல்லலாகாது. அடிப்பலகை உப்பினாலோ, தொடுபலகை மேலெழும்பினாலோ உடனே கணினியை அணைத்து மின்இணைப்பை நீக்க வேண்டும். உப்பிய மின்கலத்தை அழுத்துவதும் துளையிடுவதும் தீவிபத்தை விளைவிக்கும். அதனைக் குப்பையில் எறியாமல், அங்கீகரிக்கப்பட்ட பழுதுநீக்கும் மையத்தில் ஒப்படைக்க வேண்டும். பயன்படுத்திய மின்கலங்களைச் சேகரிக்கும் பொறுப்பை, 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்களிடமே வைத்துள்ளன.

அன்றாடப் பழக்கங்கள்

மெத்தையும் தலையணையும் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். கணினியைக் கடினமான மேசையில் வைத்து, பின்புறத்தைச் சற்றே உயர்த்தினால் அடியில் காற்றோட்டம் பெருகும். துளைகளில் சேரும் தூசியை, கணினியை அணைத்தபின் மென்மையான தூரிகையால் அகற்றலாம். சில ஆண்டுகள் பழகிய கருவியில் உள்விசிறியைத் தூய்மை செய்து, செயலியின் மீதுள்ள வெப்பக்கடத்திக் களிம்பைப் புதுப்பிப்பது நல்ல பயன் தரும். அதனைத் தொழில்நுட்பரிடம் விடுவதே முறை. விரைவாகக் குளிர்விக்கும் நோக்கில் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது தவறு. வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து சுற்றுகள் கெடும்.

நெடுநேரம் தொடையின் மீது வைத்துப் பணியாற்றுவதையும் தவிர்க்க வேண்டும். பல மாதங்கள் அவ்வாறு விளையாடிய 12 வயதுச் சிறுவனின் தொடையில் தோல் நிறம் மாறியதை 2010இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழ் பதிவு செய்துள்ளது.

பணப்பரிமாற்றத்தின்போது

பணம் அனுப்பும் வேளையில் சூட்டினால் கணினி அணைந்துவிட்டால், பதற்றத்தில் உடனே மீண்டும் அனுப்பற்க. முதலில் குறுஞ்செய்தியையும் கணக்கு அறிக்கையையும் சரிபார்க்க வேண்டும். பணம் ஏற்கெனவே சென்றிருக்கக்கூடும். அதுபோல, கணினிக்கு ஆபத்து என்று அச்சுறுத்தி ஓர் எண்ணை அழைக்கச் சொல்லும் திரைச்செய்திகளை நம்பலாகாது. வெப்பநிலை காட்டும் மென்பொருள் தேவைப்பட்டால், கணினி உற்பத்தியாளரின் இணையதளத்திலிருந்தே பெறுக. இத்தகைய மோசடியில் பணம் இழக்க நேர்ந்தால், தாமதமின்றி வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

மே மாதத்தில் மந்தமாகிவிட்ட மடிக்கணினியைக் கண்டு, அதன் காலம் முடிந்தது என்று முடிவுசெய்வோர் உண்டு. புதியது வாங்கக் கடன் தேடுமுன், அதே பணியைக் காற்றோட்டமான அறையில் அதிகாலை வேளையில் செய்து பாருங்கள். வேகம் திரும்பினால் குறை பெரும்பாலும் வெப்பத்தினுடையதே. உள்ளே தூய்மை செய்வதற்கும், தேவையானால் மின்கலத்தை மாற்றுவதற்கும் ஆகும் செலவு, புதிய கருவியின் விலையில் சிறு பகுதியே.