முக்காடு போட்ட புத்தகம்

சிறு பதிப்பகத்தின் கதவைத் தட்டுகிறவர்களுக்கு ராஜஸ்தான் கிராமத்துப் பெண்கள் காட்டிய வழி

முதலில் வரைந்த படத்தில் அந்தப் பெண்ணின் உடம்பில் துணி இல்லை. உடலுறுப்புகளை விளக்க வேறு எப்படித்தான் வரைவது? ஆனால் ராஜஸ்தான் கிராமத்தினர் அதை ஏற்கவில்லை. தங்கள் ஊரில் இப்படி ஒரு பெண்ணைப் பார்க்கவே முடியாது என்பது அவர்களுடைய ஆட்சேபம். படம் மாறியது. பாவாடையும் முக்காடுமாக ஒரு பெண். காகித மடிப்பைத் தூக்கினால் உள்ளே உடலின் அமைப்பு.

'சரீர் கீ ஜான்காரி' என்ற அந்த இந்தி நூல், 1980களில் நடந்த சுகாதாரப் பயிலரங்குகளில் பிறந்தது. உருவாக்கியவர்கள் 75 கிராமத்துப் பெண்கள். கையால் செய்த பிரதியோடு அவர்கள் அணுகியது 'காளி ஃபார் விமன்' பதிப்பகத்தை. ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் 1984ல் தில்லியில் தொடங்கிய இதுதான் நாட்டின் முதல் பெண்ணியப் பதிப்பகம்.

வழக்கமாக நிபந்தனை போடுவது பதிப்பாளர். இங்கே போட்டது ஆசிரியர்கள். கிராமப் பெண்களுக்கு அடக்க விலைக்கே விற்க வேண்டும் என்றார்கள். பதிப்பகம் ஒப்புக்கொண்டது. புத்தகக் கடை பக்கமே போகாத ஆயிரக்கணக்கானவர்களை நூல் எட்டியது.

கட்டுரை நூலோ ஆய்வு நூலோ எழுதிப் பதிப்பாளரைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. அந்தப் பெண்களிடம் பட்டமோ சிபாரிசோ இல்லை. ஆனால் யாருக்காக இந்தப் புத்தகம், அது அவர்கள் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருந்தது. சிறு பதிப்பகம் முதலில் பார்ப்பது இதைத்தான். கை நிறைய முன்பணம் தர அதனிடம் வசதி கிடையாது. அச்சிடுவதும் குறைந்த பிரதிகளே. ஒரு தேர்வு தவறினால் அடுத்த புத்தகத்துக்கான முதலும் முடங்கிவிடும்.

எனவே 'சமூகத்துக்கு அவசியமான நூல்' என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. நூலின் வாதம் என்ன, களத்தில் திரட்டிய புதிய தகவல் எது, அத்தியாயங்கள் எவை என்பது இரண்டு மூன்று பக்கங்களில் தெரிய வேண்டும். கூடவே ஒரு மாதிரி அத்தியாயம். அதற்கு முன்பு அந்தப் பதிப்பகத்தின் நூல் பட்டியலைப் படிப்பது நல்லது. 2003ல் ரவிக்குமாரும் எஸ். ஆனந்தும் தொடங்கிய 'நவயானா' சாதிப் பிரச்னையை மையமாகக் கொண்டது. அங்கே சமையல் குறிப்பை அனுப்புவது இரு தரப்புக்கும் நேர விரயம்.

விதிவிலக்கும் உண்டு. குர்காவ்னில் வீட்டு வேலை செய்த பேபி ஹால்தாரிடம் நோட்டும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னார் அந்த வீட்டுக்காரர், பிரேம்சந்தின் பேரனான பேராசிரியர் பிரபோத் குமார். வேலை முடிந்த நேரங்களில் வங்காளியில் அவர் எழுதிய வாழ்க்கைக் கதையை குமாரே இந்தியில் பெயர்த்தார். 2002ல் அதை வெளியிட்டது கொல்கத்தாவின் சிறு பதிப்பகம் ஒன்று. 2003ல் 'காளி' இரண்டாகப் பிரிந்தபோது புட்டாலியா தொடங்கிய 'சுபான்' 2006ல் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. மொழிபெயர்த்தவர் புட்டாலியாவேதான்.

பேபி ஹால்தாருக்குத் திட்ட அறிக்கை எழுதத் தெரிந்திருக்காது. ஆனால் நோட்டு நிரம்பியிருந்தது.