அட்டையும் ஏணியும் வந்தன, கேள்வி மாறியதா?

தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ‘ஏபிஎல்’ என்று சொன்னால் போதும், பேச ஆரம்பித்துவிடுவார்கள். செயல்வழிக் கற்றல் என்ற அந்த முறை 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் விதத்தை நம் ஆசிரியர்கள் நேரில் பார்த்துவந்தார்கள். இங்கே அதைத் தங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

வகுப்பறையின் தோற்றமே மாறிப்போனது. டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. பாடங்கள் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்தன. சுவரில் தொங்கும் ஏணிப் படத்தில் தன் படி எது என்று பிள்ளையே பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு, உரிய குழுவில் போய் உட்கார வேண்டியிருந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். வரைந்தது, வெட்டி ஒட்டியது எல்லாம் அதில் தொங்கின. காய்ச்சலில் ஒரு வாரம் லீவு போட்ட பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. அதுவரை நம் பள்ளிகளில் அப்படியொரு வசதி இருந்ததில்லை.

ஆனால், அந்த முறை வேகத்துக்குக் கொடுத்த விடுதலையை விடைக்குக் கொடுக்கவில்லை. பிள்ளை தன் போக்கில் ஏணி ஏற முடிந்தது. அட்டையில் இருந்த கேள்விக்கோ பெரும்பாலும் ஒரே விடைதான் இருந்தது. நாள்பட நாள்பட அட்டையை முடிப்பதே வேலையாகிவிட்டது என்ற குறையும் எழுந்தது. சின்னப் பிள்ளைகளின் படைப்பாற்றல் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்த இடத்தில்தான் தடுக்குகிறது. சாதனங்களை மாற்றிவிடுகிறோம், கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறோம்.

படைப்பாற்றல் என்றதும் ஓவியம், பாட்டு, நடனம் என்றுதான் நினைவு போகிறது. அதற்குத் தனி பீரியடு, தனி மாஸ்டர். ஆனால் கணக்கு வகுப்பிலும் படைப்பாற்றலுக்கு இடம் உண்டு. ‘ஐந்தும் ஐந்தும் எத்தனை?’ என்று கேட்டால் பத்து என்ற விடையோடு கதை முடிந்தது. பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, ‘இதை எத்தனை விதமாகக் கூறு போடலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஏழும் மூன்றும் வரும், ஆறும் நான்கும் வரும். ஒரு பிள்ளை மூன்று கூறு போடும். இன்னொன்று எல்லாவற்றையும் ஒரே கூறாக வைத்துவிட்டு, ‘இதுவும் ஒரு விதந்தானே டீச்சர்?’ என்று கேட்கும். ‘ஒன்றை உடைக்கலாமா?’ என்று யாராவது கேட்டுவிட்டால் பின்னத்துக்கே வாசல் திறந்தாயிற்று. கூட்டலும் நடந்துவிட்டது, யோசனையும் நடந்துவிட்டது. செலவு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை.

விடையை முன்கூட்டியே காட்டிவிட்டால் பிள்ளையின் தேடல் சுருங்கிவிடும் என்பதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் எலிசபெத் போனவிட்ஸும் சக ஆய்வாளர்களும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் குழாய்களால் செய்த ஒரு புதுப் பொம்மையைக் கொடுத்தார்கள். அதில் கீச்சிடும் குழாய், விளக்கு, இசை, கண்ணாடி என்று நான்கு வேடிக்கைகள் ஒளிந்திருந்தன. ஒரு குழுவுக்கு, ‘இது இப்படிக் கீச்சிடும், பார்’ என்று சொல்லிச் செய்துகாட்டினார்கள். மற்றக் குழுக்களுக்கு அப்படிப் பாடம் எடுக்கவில்லை. தற்செயலாகக் கீச்சிட்டதுபோல் நடந்துகொண்டார்கள், அல்லது சும்மா கொடுத்தார்கள். செய்துகாட்டியதைப் பார்த்த பிள்ளைகள் கீச்சிடுவதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்ற வேடிக்கைகளைக் குறைவாகத்தான் கண்டுபிடித்தார்கள். பெரியவர் சொல்லிவிட்டார், இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை என்ற முடிவுக்குப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். 2011-ல் வெளியான ஆய்வு இது.

அதற்காகச் சொல்லிக்கொடுக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. ‘அ’ என்ற எழுத்தை எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் மண், தண்ணீர், இலை, காந்தம் போன்றவற்றை முதலில் பிள்ளை கையில் விட்டுவிட்டு, விளக்கத்தைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். எதை முதலில் சொல்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று தெரிந்து நடத்துவதுதான் ஆசிரியரின் கைத்திறன்.

பரிசு விஷயத்திலும் கவனம் வேண்டும். 1973-ல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர், படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரை வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் இவர்கள் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஸ்டார் ஸ்டிக்கரும் ‘வெரி குட்’டும் அள்ளிக் கொடுக்கும் பள்ளிகள் இதைப் படிக்க வேண்டும். ‘இந்த மரத்துக்கு ஏன் ஊதா வேர்?’ என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது அந்த ஸ்டிக்கரைவிடப் பெரிய மரியாதை.

இனி நம் பள்ளிகளுக்கே திரும்புவோம். 2022 ஜூனில் தமிழ்நாட்டில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் என்று வகுப்பைக் கலகலப்பாக்கும் ஏற்பாடுகள். பிள்ளைக்கு எழுத்தும் எண்ணும் வந்தாக வேண்டும் என்ற அதன் இலக்கில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் பாட்டுக்கு ஆடி முடித்த பிறகு டீச்சர் கேட்கும் கேள்வி பழைய கேள்வியாகவே இருந்தால், கலகலப்பு மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வியை மாற்ற ஆசிரியருக்குப் பயிற்சியோடு நேரமும் வேண்டும். இருபது பிள்ளைகள் இருபது விதமாகச் சொன்னால் இருபதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டுமே. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. அந்த இருவரும்தான் வருகைப் பதிவைக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில் ஏற்ற வேண்டும், பதிவேடுகளையும் எழுத வேண்டும். கல்வித் துறை அடுத்த பயிற்சி முகாமை அறிவிக்கும் முன், இந்த எழுத்து வேலையைப் பாதியாகவாவது குறைத்துக் கொடுக்கட்டும்.