முதுமையில் மூளை நலமும் அன்றாட உணவும்

உழவர் குடும்பங்களில் வீட்டுப் பெரியவரின் நினைவாற்றல் ஒரு சொத்து ஆகும். எந்த ஆண்டு எந்த வயலில் என்ன விளைந்தது, எல்லைக்கல் எங்கே நடப்பட்டது, யாரிடம் கைமாற்று வாங்கப்பட்டது என்பதெல்லாம் பல வீடுகளில் இன்றும் ஏட்டில் இல்லை. அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அந்த நினைவு தளரத் தொடங்கும்போது, "வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். இது எப்போதும் சரியன்று. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. எஞ்சிய பெரும்பாலோருக்கு அந்நோய் இல்லை. ஆகவே, முதுமை வந்தால் மறதி நோயும் வந்தே தீரும் என்று எண்ண வேண்டியதில்லை.

இந்நோயைத் தடுப்பதில் உணவுக்கு ஒரு பங்கு உண்டு. நான் மருத்துவன் அல்லன்; உழவியல் கற்பிப்பவன். எனினும் என் குடும்பத்தில் நேர்ந்த ஓர் அனுபவம் இதுபற்றிப் படித்தறியத் தூண்டியது.

மூளை ஒரு கடைமடை வயல்

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் களஞ்சியமும் அதனிடம் இல்லை எனலாம். நொடிதோறும் வரும் இரத்தத்தையே அது நம்பியுள்ளது. அதன் உட்பகுதிகளுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களோ மிகமிக நுண்ணியவை.

வாய்க்காலில் தூர் சேர்ந்தால் தலைமடைக்காரருக்கு அது தெரிவதில்லை. கடைமடையில்தான் பயிர் முதலில் வாடும். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் மிகுந்த கொழுப்பும் இரத்தக் குழாய்களுக்குச் செய்வது இதைத்தான். 2024-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் பன்னாட்டு வல்லுநர் குழு வெளியிட்ட அறிக்கை, இவை மூன்றையும் சேர்த்து 14 காரணங்களைப் பட்டியலிட்டுள்ளது. இவற்றை முழுவதும் நீக்க முடிந்தால் உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு.

நம் வீட்டு முதியவரின் தட்டைப் பாருங்கள். பற்கள் போனபின் கடலை போகிறது. பிறகு காயும் கீரையும் குறைகின்றன. கடைசியில் தீட்டிய அரிசிச் சோறு, இரசம், ஊறுகாய், இடையிடையே சர்க்கரை போட்ட தேநீர், அதில் நனைத்த பிஸ்கட் என்று வந்து நிற்கிறது. மாவுச்சத்தும் உப்பும் சர்க்கரையும் மட்டுமே மிஞ்சிய உணவு இது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்ந்தால் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும்.

துத்தநாகக் குறையும் பி-12 குறையும்

நட்ட சில வாரங்களில் நெல்லின் இலைகளில் துருப்போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குட்டையாக நின்றால், பலர் நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பர். உண்மையில் அது துத்தநாகப் பற்றாக்குறையாக இருக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இட்டால் சரியாகிவிடும். மூளைக்கும் இப்படி ஒரு நுண்சத்து உண்டு. அதுவே வைட்டமின் பி-12. மின்கம்பிக்கு மேலுறை போல நரம்புக்கும் ஓர் உறை உள்ளது. அந்த உறையைக் காக்கவும் இரத்த அணுக்கள் உருவாகவும் பி-12 தேவை. இது குறைந்தால் கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், சோர்வு, மறதி, மனக்குழப்பம் ஆகியவை தோன்றும். வெளிப்பார்வைக்கு மறதி நோய் போலவே இருக்கும்.

இச்சத்து அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. மாடும் இதைத் தானே தயாரிப்பதில்லை என்பது உழவர்கள் அறியத்தக்க செய்தி. தீவனத்திலுள்ள கோபால்ட் என்ற தாதுவைக் கொண்டு, அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தயாரித்துத் தருகின்றன.

என் பெரியப்பா சைவ உணவினர். முறைப்பாசனத்தில் தம் முறை எந்த இரவு என்பதை நாற்பது ஆண்டுகள் மறக்காதவர், ஒரு பருவத்தில் இரண்டு முறை அதைத் தவறவிட்டார். வீட்டில் சிரித்தோம். நடக்கும்போது செருப்பு காலிலிருந்து கழன்றுபோனதுகூடத் தெரியாமல் வரப்பில் நடந்தார். முதலில் பார்த்த மருத்துவர் வயதுதான் காரணம் என்று அனுப்பிவிட்டார். ஓராண்டுக்குப் பின் வேறொரு மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னபோதுதான் பி-12 மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. நீரிழிவுக்காகப் பத்தாண்டுகளாக மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். அம்மாத்திரை இச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியது. முதுமையில் இரைப்பையின் திறனும் குறைகிறது. இவற்றோடு, வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருந்தும் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய்விட, அவருக்கு மிஞ்சியது வரக்காப்பிதான். ஊசி போட்டுச் சில மாதங்களில் பேச்சும் கணக்கும் தெளிந்தன. கால் மரப்பு மட்டும் முழுதாக நீங்கவில்லை. அந்த ஓராண்டு தாமதத்தை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பெரியவருக்கு மறதியோடு கால் மரப்பும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பி-12, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். மெட்பார்மினைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் சிகாகோ நகரிலுள்ள ரஷ் பல்கலைக் கழகத்தில் மார்த்தா கிளேர் மாரிஸ் என்ற அம்மையாரின் குழுவினர், 923 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2015-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீரை, கொட்டை வகைகள், பயறு, முழுத்தானியம், மீன் ஆகியவற்றை மிகுதியாகவும், வெண்ணெய், இனிப்பு, பொரித்த பண்டங்களைக் குறைவாகவும் உண்டவர்களிடையே மறதி நோய் ஏறத்தாழ பாதியளவே காணப்பட்டது.

ஆனால் உழவியலார் இங்கே ஒரு கேள்வி கேட்பர். பசுந்தாளுரம் இட்டவர் வயலில் விளைச்சல் கூடியது என்றால், அவருக்குச் சொந்தக் கிணறும் இருந்ததா? இதை அறியத்தானே ஒப்பீட்டுப் பாத்தி அமைக்கிறோம். அவ்வாறே 604 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, மூன்றாண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. இரு பிரிவினருமே உணவின் அளவைச் சிறிது குறைத்திருந்தனர். இரு பிரிவினரிடமும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. குறிப்பிட்ட அந்த உணவுமுறைக்கென்று தனி மேன்மை தெளிவாகப் புலப்படவில்லை. இதற்கு மாறாக, பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1260 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட சோதனையில், உணவோடு உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, இரத்தக் கொதிப்புக் கண்காணிப்பு ஆகியவற்றையும் சேர்த்து இரண்டாண்டுகள் கொடுத்தபோது சிந்தனைத் திறன் மேம்பட்டது. யூரியா மட்டும் இட்டு மகசூல் எடுக்க முடியாதல்லவா? நினைவாற்றல் பெருக்கும் என்று விளம்பரப்படுத்தும் பொடிகளுக்குப் பணம் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வீட்டுக்கு ஒரு பங்கு

வேண்டியவை பெரும்பாலும் நம் நிலத்திலேயே விளைகின்றன. விற்றுவிடுவதால்தான் தட்டுக்கு வருவதில்லை. பால் கேனைச் சொசைட்டிக்கு எடுத்துச் செல்லுமுன் பெரியவருக்கு இரண்டு தம்ளர் எடுத்து வைத்து, ஒன்றை மோராக்கலாம். முட்டை உண்பவராயின் நாளுக்கு ஒன்று கொடுக்கலாம். பல் இல்லாதவருக்கு வேர்க்கடலையை வேகவைத்து மசித்தோ, துவையலாக அரைத்தோ கொடுக்கலாம். சுருங்கியதும் பூஞ்சணம் பிடித்ததுமான பருப்பை "விற்பனைக்கு ஆகாது, வீட்டுக்கு ஆகும்" என்று ஒதுக்கும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. அதிலுள்ள அப்ளடாக்சின் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதும் போகாது.

வாய்க்கால் ஓரத்தில் நான்கு முருங்கை, ஒரு பாத்தி அரைக்கீரை இருந்தால் கீரைக்கு அலைய வேண்டியதில்லை. கீரையைக் குறைந்த நீரில் வேகவைத்து, அந்த நீரையும் சேர்த்துக் கடைய வேண்டும். ஒருவேளைச் சோற்றுக்குப் பதில் சாமை அல்லது தினை சமைக்கலாம். கேழ்வரகை நீர்த்த கூழாகக் குடிப்பதைவிடக் களியாக்கிக் கீரைக் குழம்புடன் உண்பது நீரிழிவு உள்ளவருக்கு நல்லது. மீன் உண்போர்க்கு விலை மலிந்த மத்தி போதும். குழம்பாக வைக்கலாம், பொரிக்க வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கீரை, பருப்பு வகைகளைக் கூட்டுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.