தோட்டாவுக்குள் போன புத்தகங்கள்

1821இல் ஓட்டோமான் ஆட்சிக்கு எதிராக கிரேக்கர்கள் கிளர்ந்து எழுந்தபோது, ஆர்க்கேடியா மலைகளில் ஆளுக்குப் பஞ்சமில்லை. தோட்டா சுற்றத்தான் காகிதம் போதவில்லை. அந்தக் காலத் துப்பாக்கிக்கு ஈயக் குண்டையும் வெடிமருந்தையும் சேர்த்துக் காகிதத்தில் பொட்டலம் கட்டுவார்கள். சுடும்போது ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டுவார்கள். திமித்ஸானா என்ற மலைக் கிராமம் இதற்காகத் தன் பள்ளிக்கூட நூலகத்தைக் கொடுத்தது. பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த புத்தகங்கள் ஏடு ஏடாகக் கிழிபட்டுத் தோட்டாவாகப் போயின. தப்பிப் பிழைத்தவை இன்றும் ஊர் நூலகத்தில் இருக்கின்றன.

ஏதென்ஸிலிருந்து ட்ரிபோலி வரை நல்ல நெடுஞ்சாலை. அதற்குப் பிறகு ஃபிர் மரக் காடுகளுக்கு நடுவே ஏற்றமும் வளைவுமாகப் பாதை போகிறது. சுமார் 950 மீட்டர் உயரத்தில், மலை முதுகின்மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கல் வீடுகள்தான் திமித்ஸானா. குளிர்காலத்தில் பனி பார்க்க ஏதென்ஸ்காரர்கள் வார இறுதியில் வந்து குவிவார்கள். மற்ற நாட்களில் தெருவில் ஆளைவிடப் பூனைகளே அதிகம்.

ஊரைத் தாண்டி, ஆய் யானிஸ் ஊற்றருகே நீர்விசை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ஆலைகளைச் செப்பனிட்டு 1997இல் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த காட்சிப்பொருட்கள் அல்ல இவை. தண்ணீர் ஓடுகிறது, சக்கரம் சுற்றுகிறது. ஒரே ஊற்றுநீர் படிப்படியாக இறங்கி ஒவ்வோர் ஆலைக்கும் வேலை செய்துவிட்டுப் போகிறது. ஓரிடத்தில் மாவு அரைக்கிறது. இன்னோரிடத்தில், அடி குறுகிய மரத்தொட்டிக்குள் சீறிப் பாய்ந்து முரட்டுக் கம்பளிகளைச் சுழற்றிச் சுழற்றி மிருதுவாக்குகிறது. தோல் பதனிடும் கூடமும் சாராயம் காய்ச்சும் அண்டாவும்கூட உண்டு.

கடைசியில் வருகிறது வெடிமருந்து ஆலை. நீர்ச்சக்கரத்தின் அச்சில் முளைகள் பொருத்தியிருக்கிறார்கள். அச்சு சுழலச் சுழல, முளை ஒவ்வொன்றும் ஒரு மர உலக்கையைத் தூக்கிவிட, அது உரலில் பொத்தென்று விழுகிறது. உரலுக்குள் வெடியுப்பும் கந்தகமும் மரக்கரியும். இரும்பு உலக்கை என்றால் ஒரு பொறி போதும், கட்டடமே பறந்துவிடும். அதனால் எல்லாம் மரம். கலவையையும் ஈரமாகவே வைத்துத்தான் இடிப்பார்கள். புரட்சிக் காலத்தில் இப்படி 14 ஆலைகள் இங்கே இரவு பகலாக இயங்கின. ஸ்பிலியோடோபுலோஸ் சகோதரர்கள் முன்னின்று நடத்தினார்கள். தளபதி கொலோகோத்ரோனிஸின் படைக்கு மருந்து போனது இந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான்.

ஊற்றுகள் வேறு இடங்களிலும் உண்டு. ஆனால் படையெடுத்து வருபவன் கால் நோகும்படியான மலைப்பாதை எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. அன்று சாலை வசதி இல்லாததுதான் இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய சொத்து என்று எனக்குத் தோன்றுகிறது. ஆலைகளைக் காப்பாற்றியது அதுதான். கீழே ஆற்றுப் பிளவில் இருக்கும் மடங்கள் பிழைத்ததும் அதனால்தான்.

இந்தச் சின்ன ஊர் திருச்சபைக்குக் கொடுத்த பெரிய மனிதர்களில் இருவரைச் சொல்லாமல் போக முடியாது. ஒருவர், கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைமைப் பீடத்தில் இருந்த ஐந்தாம் கிரிகோரி. இன்னொருவர், பாத்ராஸ் நகரின் ஆயர் ஜெர்மானோஸ். புரட்சி வெடித்ததும், அரசின் நெருக்கடிக்கு நடுவே கிரிகோரி புரட்சிக்காரர்களைச் சபையிலிருந்து விலக்கி ஆணையிட்டார். ஜெர்மானோஸோ அவர்களின் கொடியை ஆசீர்வதித்தவராகப் போற்றப்படுகிறார். சுல்தானுக்குக் கிரிகோரியின் ஆணை போதவில்லை. அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று அவரைப் பீடத்தின் வாசலிலேயே தூக்கில் போட்டார்கள். அந்தக் கதவு இன்றுவரை திறக்கப்படவில்லை. திமித்ஸானாவில் கிரிகோரி பிறந்த வீடு இப்போது திருச்சபை அருங்காட்சியகம்.

ஊருக்குக் கீழே லூசியோஸ் ஆறு ஆழமான பிளவை வெட்டிக்கொண்டு ஓடுகிறது. குழந்தை ஸீயஸை வனதேவதைகள் குளிப்பாட்டிய ஆறு என்பது புராணம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பயண எழுத்தாளர் பௌசானியாஸ், இதைவிடக் குளிர்ந்த ஆறு இல்லை என்று எழுதிவைத்தார். குழந்தையின் கதியை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பிளவின் கிழக்குச் சுவரில், குளவி கட்டிய கூடு மாதிரி பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது புரோத்ரோமோஸ் மடம். திருமுழுக்கு யோவானுக்கு உரியது. வண்டியை மேலே விட்டுவிட்டுக் கல்பாதையில் இறங்க வேண்டும். துறவிகளின் அறைகள் பாறையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சாய்வாக முட்டுக் கொடுத்த மரக் கட்டைகள்தான் தாங்குகின்றன. வாசலில் தொங்கும் நீளப் பாவாடைகளும் சட்டைகளும் அரைக்கால் உடையில் வருகிறவர்களுக்காக. உள்ளே வந்தவருக்குத் தண்ணீரும் சர்க்கரை தூவிய லுக்கூமி மிட்டாயும் தருவது இங்கே வழக்கம். பாறைக் குகையில் அமைந்த சிற்றாலயத்தில் மெழுகுத்திரிப் புகை படிந்த சுவரோவியங்கள். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் புனிதர்களின் முகங்கள் துலங்கும். புரட்சியின்போது காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து கிடத்தியது இந்த மடத்தில்தான் என்கிறார்கள்.

இங்கிருந்து ஆற்றுக்கு இறங்கிப் பாலம் கடந்து எதிர்ச்சுவரில் ஏறினால் ஃபிலோசோஃபு மடம். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று. அதற்கு அப்பால், 10ஆம் நூற்றாண்டில் எழுந்த பழைய மடத்தின் இடிபாடு பாறை நிறத்திலேயே இருப்பதால், தெரிந்தவர் காட்டினால்தான் கண்ணில் படும். ஓட்டோமான் துருக்கியர் காலத்தில் இங்கே இரவில் ரகசியப் பள்ளிக்கூடம் நடந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நிக்கோலாஸ் கிஸிஸ் 19ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓர் ஓவியம் இந்த நம்பிக்கையைக் கிரீஸ் முழுக்கப் பரப்பியது. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை ஏற்பதில்லை. அவர்களுக்கு வேறு சான்று தேவையில்லை, திமித்ஸானாவே போதும் என்பேன். 1764இல், அதே துருக்கியர் ஆட்சியில், இரண்டு துறவிகள் இங்கே பகிரங்கமாகவே பள்ளி தொடங்கினார்கள். தோட்டாவாகிப் போனவை அந்தப் பள்ளியின் புத்தகங்கள்தான். எனக்கென்னவோ, ரகசியப் பள்ளிக் கதையைவிட இதுதான் சுவாரசியம்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு மேனலோன் பாதை இருக்கிறது. ஸ்டெம்னித்ஸாவில் தொடங்கி 75 கிலோமீட்டர். முதல் கட்டமே இந்த இரு மடங்களையும் தொட்டுக்கொண்டு திமித்ஸானாவுக்கு ஏறுகிறது. கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மதியத்தில் மடங்களின் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே இறங்கிவிடுவது நல்லது. பேருந்தை நம்பிப் போகாதீர்கள், வாடகைக் கார்தான் சரி. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். நீர்விசை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.