செவிவழி நூலகம் – 7: வாக்கியத்தின் கடைசிச் சொல்

‘பொன்னியின் செல்வ’னின் இரண்டாம் அத்தியாயத்தை ஒருவர் எப்படி வாசிக்கிறார் என்று கேட்டால் போதும்; ஐந்து பாகங்களையும் அவரிடம் ஒப்படைக்கலாமா என்று தெரிந்துவிடும். ஆழ்வார்க்கடியான் நம்பி ஒரு வீரசைவரோடும் ஒரு அத்வைதியோடும் மல்லுக்கு நிற்கும் அத்தியாயம் அது. சுற்றிலும் கூட்டம். கதாநாயகன் வந்தியத்தேவன் வேடிக்கை பார்க்கிறான். அச்சில் மேற்கோள் குறி இருக்கிறது, பத்தி பிரிகிறது. யார் பேசுகிறார் என்று கண் தானாகப் பிரித்துக்கொள்கிறது. காதுக்கு அந்தக் குறிகள் எதுவும் இல்லை. வாசிப்பவரின் குரல்தான் எல்லாம்.

இதை எழுதிய கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. அதனால் ஒலிவாங்கி வைத்திருக்கும் எவரும் இந்த நாவலைப் பதிவு செய்யலாம். பலர் செய்தும் இருக்கிறார்கள். பாம்பே கண்ணன் பல நடிகர்களைச் சேர்த்து, இசையோடு, நாடகமாகவே தயாரித்து அளித்தார். இணையத்தில் தனியொருவர் குரலில் முழு நாவலும் கிடைக்கிறது. ஒரே நூலுக்கு இத்தனை குரல்கள் அமைவது தமிழில் அபூர்வம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

நான் ஒப்பிட்டது வெள்ளக்கடையில். ஏற்காட்டைச் சேர்ந்த இந்த ஊரில் காபியும் மிளகும்தான் பிழைப்பு. பழம் பறிக்கிற மாதங்களில் சாயங்காலம் சீக்கிரம் இருட்டிவிடும். குளிருக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஆயாவும் என்னோடு உட்கார்ந்து கேட்டார். படிக்கத் தெரியாதவர். தனிக்குரல் பதிவு ஒன்றில் அந்த வாதம் போய்க்கொண்டிருந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். “இப்பப் பேசுனது யாரு கண்ணு? அந்தக் குடுமிக்காரனா, மத்தவனா?”

எனக்கும் சந்தேகம்தான். பதிவைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்டோம். வாசித்தவர் குரல் இனிமையானது, உச்சரிப்பும் சுத்தம். ஆனால் “என்றான் ஆழ்வார்க்கடியான்” என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் அவருக்கே பேசியது ஆழ்வார்க்கடியான் என்று தெரிந்ததுபோல் இருந்தது. பேச்சு முழுவதையும் பொதுவான ஒரு குரலில் ஓட்டிவிட்டு, கடைசி இரண்டு சொற்களில் ஆளை அடையாளம் காட்டினார். அதற்குள் கேட்பவர் வேறொருவரைக் கற்பனை செய்து முடித்திருப்பார்.

வாக்கியம் எங்கே போய் முடியும் என்பதை வாசிப்பவர் முன்பே அறிந்திருக்க வேண்டும்; குரல்வளமும் ஒலிவாங்கியும் அதற்குப் பிறகுதான். தமிழில் முக்கியமான செய்தி கடைசியில் வருகிறது. யார் சொன்னார் என்பது பேச்சுக்குப் பின்னால் வரும் ‘என்றான்’, ‘என்றாள்’ சொல்லித்தான் தெரியும். நடந்ததா நடக்கவில்லையா என்பதும் வாக்கியத்தின் வாலில் இருக்கும். ஒரு வாக்கியம் பாருங்கள்: “அவர் கூப்பிட்டார் என்பதற்காகத்தான் நான் இத்தனை தூரம் மலையேறி வந்தேன் என்று நீங்கள் நினைத்தால் அது சரியல்ல.” ‘வந்தேன்’ வரைக்கும் உறுதியாகவும் பெருமிதமாகவும் வாசித்துக்கொண்டு வருபவர் ‘சரியல்ல’ என்ற இடத்தில் தடுக்கி விழுவார். அந்த மறுப்பு அவர் குரலில் முதல் சொல்லிலேயே இருந்திருக்க வேண்டும். வாக்கியம் முடியும் இடம் தெரியாமல் அதைத் தொடங்கவே கூடாது. எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டு போகும் உரைநடை என்றால் இது இன்னும் கடினம்.

அதற்கு ஒரே வழி, ஒலிவாங்கியின் முன் உட்காரும் முன்பே நூலை முழுவதும் படித்து, பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வது. சாதாரண யோசனைதான். ஆனால் ஒலிப்புத்தகத் துறையில் வாசிப்பவருக்கு முடிந்த பதிவின் மணிக்கணக்கில் ஊதியம் தருவது பரவலான வழக்கம். முன்கூட்டிப் படிக்கும் பொழுதுக்கு அதில் தனிக்கூலி இல்லை. மோசமான வாசிப்புக்கு வாசிப்பவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அன்று ஆயா பிறகு ஒரு கதை சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்த கதை. மூத்தவன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்கள் என்று இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் வழிவழியாகச் சொல்வது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலிலும் இந்தக் கதைக்கு இடம் உண்டு. ஆயா மூவருக்கும் மூன்று குரல் கொடுக்கவில்லை. “பெரியவன் சொல்றான்” என்று ஆளை முதலில் நிறுத்திவிட்டுத்தான் பேச்சையே தொடங்கினார். எழுதிய நூலில் அந்த வசதி கிடையாது. வாசிப்பவர் ‘என்றான்’ இருக்கும் இடத்தை மாற்ற முடியாது. ஆகவே அந்த வேலையைக் குரலின் ஒரு சிறு அசைவுதான் செய்ய வேண்டும். சிறு அசைவு போதும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிழவருக்கு இருமல், பெண்ணுக்குக் கீச்சுக்குரல், வில்லனுக்கு உறுமல் என்று போனால் அரை மணி நேரத்தில் கேட்பவர் களைத்துவிடுவார்.

இங்கேதான் நாடகமா வாசிப்பா என்ற பழைய வழக்கு வருகிறது. சென்னை வானொலி 1938இலும் திருச்சி வானொலி 1939இலும் தொடங்கின. அப்போதிலிருந்து வானொலி நாடகமும் ஒலிச்சித்திரமும் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அதனால் ஒலிப்புத்தகம் என்றாலே நமக்குக் குதிரைக் குளம்பொலியும் வீணையும் வேண்டியிருக்கிறது. பல குரல் தயாரிப்பில் யார் பேசுகிறார் என்ற குழப்பம் அடியோடு தீர்ந்துவிடும். குடும்பமாகச் சேர்ந்து கேட்க அதற்கு ஈடில்லை. ஆனாலும் என் விருப்பம் தனிக்குரல்தான். நாவலில் பாத்திரங்கள் பேசாத பக்கங்களும் உண்டே. வர்ணனை, நினைவோட்டம், கல்கி வாசகரைப் பார்த்து நேராகப் பேசும் இடங்கள் – இவை ஓர் ஆள் நமக்குச் சொல்லும்போதுதான் உயிர்பெறுகின்றன. பின்னணி இசை அந்த இடங்களை முதலில் விழுங்கிவிடும்.

பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகங்கள் தனிக்குரல் வாசிப்பின் சவாலைத் தொடக்கத்திலேயே எதிர்கொண்டன. பிரிட்டனில் அந்தச் சேவை 1935 நவம்பரில் தொடங்கியபோது இசைத்தட்டில் வந்த முதல் நூல்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’. கதையைச் சொல்பவரே எதையோ நம்மிடம் மறைக்கும் நாவல் அது. வாசிப்பவருக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்பது குரலில் கசியவும் கூடாது. வாசிப்புக் கலைக்கு இதைவிடக் கடுமையான தேர்வை யாரும் வைக்க முடியாது.

ஒலியின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது, நந்தினி கிசுகிசுப்பது எதுவும் காதில் விழாது. ஒலியைக் கூட்டி வைத்தால் அடுத்த வரியில் பழுவேட்டரையர் செவிப்பறையைக் கிழித்துவிடுவார். உணர்ச்சியைச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தில் மட்டும் காட்டுபவர்களின் பதிவுகள் எல்லாம் இப்படித்தான். ஒலிப்புத்தகம் விற்கும் ஆடிபிள் நிறுவனத்துக்கு நூல் அனுப்பும் தயாரிப்பாளர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: சராசரி ஒலியளவு மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடைப்பட்ட டெசிபெலில் நிற்க வேண்டும், அறையின் இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே இருக்க வேண்டும். வறட்டு எண்கள்போல் தெரியும். பேருந்திலும், தகரக் கூரைமேல் மழை கொட்டும் வீட்டிலும் ஒரு நூலைக் கேட்டு முடிக்க முடிவது இந்த எண்களால்தான்.

வட்டார வழக்கு நூல்கள் தனிச் சிக்கல். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்கு மண்ணின் பேச்சில் நடப்பது, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ கரிசல் காட்டுப் பேச்சு. அந்தந்த ஊர்க்காரர் கிடைத்தால் அவரையே வாசிக்கச் சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால், வாசிப்பவர் தன் சொந்த உச்சரிப்பிலேயே நிதானமாக வாசிப்பது நல்லது. கேட்டுப் பழகாத ராகத்தில் “ஏனுங்க” என்று இழுப்பது அந்த மண்ணின் மனிதர்களைக் கேலிப்பொருளாக்கிவிடுகிறது. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இப்போது இயந்திரக் குரல்களும் வந்துவிட்டன. தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். பெரும்பாலான சொற்களில் இயந்திரம் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் நான் கேட்டவரை, மறுப்பில் முடியும் வாக்கியத்தையும் உடன்பாட்டில் முடியும் வாக்கியத்தையும் அது ஒரே ஏற்றத்தில் தொடங்கி ஒரே இறக்கத்தில் முடிக்கிறது. பாடக் குறிப்புக்கும் செய்திக்கும் அது போதும், கதைக்குப் போதாது.

ஒலிப்புத்தகம் வாங்கும் முன் மாதிரியைக் கேட்பவர்கள் முதல் நிமிடத்தோடு நிறுத்திவிட வேண்டாம். தொடக்கத்தைப் பத்துத் தடவை ஒத்திகை பார்த்துப் பதிவு செய்திருப்பார்கள். முடிந்தால் நடுவில் ஓர் உரையாடலைத் தேடி, மூன்று பேராவது பேசும் இடமாகப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ‘என்றான்’ வருவதற்கு முன்பே ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் தயங்காமல் வாங்கலாம்.

அடுத்த வாரம்: பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்துகொடுக்கும் தன்னார்வலர்கள்.