பாதையோரத்து விஷப்பூண்டு

மழை பெய்து சில நாட்களானதும் கோவை வட்டாரத்தின் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் கேரட் இலை போன்ற தழையுடன் ஒரு செடி தலைகாட்டும். ஒரு மாத காலத்திலேயே சிறு வெள்ளைப் பூக்களைச் சூடி நிற்கும். பார்வைக்கு அழகு, பண்பிலோ நஞ்சு. அதுவே பார்த்தீனியம் என்னும் விஷப்பூண்டு.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு வாக்கில் பூனாவில் கவனத்திற்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையுடன் இதன் விதையும் கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. அதற்கு முன்பே வந்துவிட்டது என்று கூறும் தாவரவியலாரும் உளர். எவ்வாறு வந்திருப்பினும், ஒரே செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது என்பதால் இன்று நாடெங்கும் வேரூன்றிவிட்டது.

இதன் தீங்கு வயலோடு நிற்பதில்லை. களை பறிக்கும் பெண்களின் கைகளில் அரிப்பும் கொப்புளமும் தோன்றலாம். மகரந்தத் தூளால் தும்மலும் மூச்சிரைப்பும் வரலாம். கால்நடைகள் இதை விரும்பித் தின்பதில்லை. தீவனத்துடன் கலந்து தின்ன நேர்ந்தால் பால் கசக்கும். காங்கேயம் மாடுகளை வளர்க்கும் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லின் இடத்தை இச்செடி பிடித்துக்கொண்டால், ஏழை உழவரின் பிழைப்பே ஆட்டம் காணும்.

ஒழிக்கும் வழி

பூக்கும் முன்பே பிடுங்குவதே தலையாய வழி. மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு வேரோடு களைய வேண்டும். பூக்காத செடிகளை எருக்குழியில் இட்டு உரமாக்கலாம். பயிரில்லாத இடமாயின், 1 லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பு வீதம் கரைத்துத் தெளிக்கலாம்; விளைநிலத்தில் இது கூடாது, மண் கெடும். களைந்த இடத்தை வெறுமையாக விடாமல் ஆவாரை, தகரை விதைகளைத் தூவினால் அவை வளர்ந்து இதனை நெருக்கும். இதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984-இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் அது நமக்கு உதவும் தோழன். கோடையில் மண்ணுக்குள் உறங்கிவிடும். ஆகவே வண்டை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

நம் கடமை

நம் மையவாடிகள் பலவற்றிலும் இச்செடியைக் காணலாம். கபருகளின் மீதுள்ள பசுமை தஸ்பீஹ் செய்யும் என்றெண்ணி அதைப் பிடுங்கத் தயங்குவோர் உண்டு. அவ்விடத்தைப் பற்றி இமாமிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் ஜியாரத்துக்குச் செல்லும் பாதையிலும், சுற்றுச்சுவர் ஓரத்திலும், மதரஸாப் பிள்ளைகள் விளையாடும் திடலிலும் தயக்கம் எதற்கு? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்றல்லவா நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள்!

ஜமாஅத் இளைஞர்கள் முதல் மழைக்குப் பின் ஒரு நாளும், மூன்று வாரம் கழித்து மற்றொரு நாளும் ஒதுக்கினால் போதும். விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். எனவே ஆண்டுதோறும் தொடர வேண்டும். இன்ஷா அல்லாஹ், நம் தெருவிலிருந்தே தொடங்குவோம்.