மீன் போனதாலா மவுசல் மாறியது?

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலின் மவுண்ட்ஸ் விரிகுடாவை ஒட்டி மவுசல் என்றொரு கிராமம் இருக்கிறது. கருங்கல் வீடுகள், இரண்டு கல்மதில்கள் அணைத்துப் பிடித்த சின்னஞ்சிறு துறை, கார் நுழையத் திணறும் சந்துகள். கோடையில் சுற்றுலாக் கூட்டம் நெரியும். துறையைச் சுற்றி ஏற்றும் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்கக் குளிர்காலத்திலும் ஆட்கள் வருவார்கள். 1963இல் தொடங்கிய வழக்கம் அது. ஒரு காலத்தில் இது முழுக்க மீனவர் ஊர். மீன் குறைந்தது, சுற்றுலா வந்து ஊரைக் காப்பாற்றியது என்று ஒரே வரியில் இந்த மாற்றத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பக்கத்து ஊரைப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது.

கடலோரமாக மூன்று கிலோமீட்டர் போனால் நியூலின். அதே விரிகுடா, அதே மீன். ஆனால் நியூலின் இன்றும் இங்கிலாந்தின் முக்கிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. வேறுபாடு துறையின் அளவில் இருக்கிறது. கடல் வற்றும்போது மவுசல் துறையில் படகுகள் தரைதட்டிச் சாய்ந்துவிடும். குளிர்காலப் புயலுக்குப் பயந்து துறையின் வாயையே பெரிய மரக்கட்டைகளை இறக்கி அடைத்துவிடுகிறார்கள். பாய்மரக் காலத்தில் எல்லோருமே ஏற்ற இறக்கத்துக்குக் காத்திருந்ததால் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. 1859இல் கார்ன்வாலின் எல்லையில் ஓடும் டேமர் ஆற்றின் மேல் பொறியாளர் புரூனெலின் ரயில் பாலம் திறந்தபின் கார்ன்வால் மீன் பச்சையாகவே லண்டன் சந்தைக்குப் போகத் தொடங்கியது; தாமதமானால் விலை விழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூலினில் பெரிய அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. பிறகு எஞ்சின் படகுகள் வந்தன, படகுகள் பெருத்தன. ஏலமும் ஐஸும் நியூலினில் இருக்க, மவுசல்காரர் தம் ஊர்த் துறையில் மீனை இறக்க என்ன காரணம் இருந்திருக்கும்?

மீன் குறைந்ததும் உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். பில்சர்ட் என்னும் சாளை இன மீன் ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாகக் கரையை நெருங்கும். பாறை முகட்டில் நிற்கும் காவலர் கடலின் நிறம் மாறுவதைப் பார்த்துக் குரல் கொடுக்க, படகுகள் வலையால் வளைக்கும். பிடித்த மீனைப் பெண்கள் வீட்டின் கீழ்த்தளக் கிடங்கில் உப்பும் மீனுமாக அடுக்கடுக்காய்ச் சுவர்போல் எழுப்பி வாரக்கணக்கில் விட்டுவைப்பார்கள். வடியும் எண்ணெய் விளக்குக்குப் போகும். பீப்பாயில் இறுக்கிய மீன், நோன்புக் காலத்தில் இறைச்சி தவிர்க்கும் இத்தாலியக் கத்தோலிக்கர்களுக்குக் கப்பலேறும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கரைவளைப்புத் தொழில் ஓய்ந்தது. ஆனால் அந்த நட்டம் விரிகுடா முழுவதற்கும் பொது. ஆழக்கடலுக்குப் போய் வேறு மீன் பிடிக்கப் பெரிய படகு வேண்டும், அது வந்து நிற்க இடம் வேண்டும். நியூலினில் இடம் இருந்தது.

தொழிலை விரட்டிய அதே குறுகல்தான் பின்னால் காசானது. மேலே குடித்தனமும் கீழே மீன்கிடங்குமாக இருந்த வீடுகள் விடுமுறைக் குடில்களாகிவிட்டன. உப்புநீர் வடிந்த தளத்தில் இப்போது சமையலறை மேடை. முன்பு ஊர் விற்றது கடலில் கிடைத்ததை. இப்போது விற்பது தன் வீடுகளை. மீன் மறு பருவத்தில் திரும்ப வரலாம். ஒருமுறை விற்ற வீடு உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டுகிற விலைக்குத் திரும்புவதில்லை.

விற்றவர்களும் ஊர்க்காரர்கள்தானே, மீனவர் வாழ்க்கை என்ன அத்தனை இனிமையானதா என்பது அடுத்த மறுப்பு. இனிமையானதில்லை; வறுமையும் கடல் மரணமும் அதன் நிழல்கள். 1981 டிசம்பர் 19 இரவு, புயலில் சிக்கிய யூனியன் ஸ்டார் கப்பலில் இருந்தவர்களைக் காக்கப் போன சாலமன் பிரவுன் மீட்புப் படகு திரும்பவே இல்லை. மவுசலைச் சேர்ந்த எட்டுத் தொண்டர்களும் கப்பலில் இருந்த எட்டுப் பேரும் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் ஊரின் விளக்குகளைச் சற்று நேரம் அணைக்கிறார்கள். ஆனால் இந்தச் சம்பவம் வேறொன்றையும் காட்டுகிறது. அந்த எட்டுத் தொண்டர்களில் மதுவிடுதி நடத்தியவரும் ஒருவர். அழைப்பு வந்ததும் ஓடிவரும் தூரத்தில் வீடு இருந்ததால்தான் அப்படியொரு குழு அமைந்தது. 1983இல் மீட்புப் படகும் நியூலினுக்கே இடம்பெயர்ந்தது. பெரிய புதுப் படகு மிதந்து நிற்க அங்கேதான் வசதி.

சுற்றுலா வேலை தருகிறதே என்றால், தருகிறது. அந்த வேலைக்காரர் எங்கே குடியிருப்பது என்பதுதான் கேள்வி. வீடுகள் விடுமுறைக் குடில்களாவதைச் சட்டத்தால் தடுத்துவிடலாம் என்பவர்கள் கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் நகரைக் கவனிக்க வேண்டும். 2016 வாக்கெடுப்பில் 80 சதவீதத்துக்கும் மேலானோர், புது வீடுகளை நிரந்தரக் குடியிருப்பாளருக்கு மட்டுமே விற்கும் திட்டத்தை ஆதரித்தனர். லண்டன் பொருளியல் பள்ளி ஆய்வாளர்கள் பின்னர் கண்டது: கட்டுமானம் சுருங்கியது, வெளியூர்ப் பணம் பழைய வீடுகளின் பக்கம் திரும்பியது. பழைய வீடுகளே நிறைந்த மவுசல் போன்ற ஊரில் அந்த விதி எதைத் தொடும்? 2025 ஏப்ரல் முதல் கார்ன்வாலில், யாரும் நிரந்தரமாகக் குடியிருக்காத இரண்டாம் வீட்டுக்கு உள்ளாட்சி வரி இரட்டிப்பு. ஆனால் ஆண்டில் 70 நாள் வாடகைக்கு விட்டு, 140 நாள் வாடகைக்குத் திறந்திருப்பதாகக் காட்டினால் வீடு வணிகக் கணக்கில் சேரும். சிறிய வீடானால் வணிக வரியிலும் முழு விலக்கு கிடைக்கலாம்.

என் பார்வையில், வரியைவிட உரிமைப் பத்திரத்தில் எழுதும் நிபந்தனைக்கு வலு அதிகம். கார்ன்வாலின் வடகரையில் செயின்ட் மின்வர் நில அறக்கட்டளை இந்த வழியில்தான் உள்ளூரார் சிலருக்கு வீடு கட்ட உதவியது: மறுபடி விற்றாலும் சந்தை விலையின் குறிப்பிட்ட பங்குக்கு மேல் கேட்க முடியாது. அதற்கு முதலில் காலி நிலம் வேண்டும். சரிவில் தொற்றி நிற்கும் மவுசலில் அது அரிது என்பதால், அங்கே பழைய வீடுகள் விலைக்கு வரும்போது அறக்கட்டளையே வாங்கி இந்த நிபந்தனையோடு விற்க வேண்டியிருக்கும். சந்தை விலையில் வாங்கிக் குறைந்த விலையில் விற்பதால் வரும் நட்டத்தை, இரண்டாம் வீடுகளிடம் கூடுதலாக வசூலிக்கும் வரியிலிருந்தே ஈடுகட்டலாம்.